கிருஷ்ணகிரியிலிருந்து ஸ்டாக் கார் பந்தயத்துக்கு: ஓட்டுநராக விரும்பும் பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும்

கிருஷ்ணகிரி ராயக்கோட்டை சாலையில் சக்கர அலைன்மென்ட் பட்டறை நடத்தி வருகிறேன். வாரத்துக்கு ஒரு பிள்ளையாவது பைக்கையோ அப்பாவின் காரையோ கொண்டுவந்து நிறுத்திவிட்டு, “அண்ணா, கார் ரேஸ் டிரைவர் ஆகணும்னா என்ன செய்யணும்?” என்று கேட்காமல் போவதில்லை. பட்டறைச் சுவரில் என் அக்கா மகன் பந்தய உடையில் நிற்கும் படம் மாட்டியிருக்கிறது. அதைப் பார்த்ததும் எழுகிற கேள்வி அது. அவன் பதின்மூன்று வயதில் கார்ட் எனப்படும் கூரையில்லாத சிறிய பந்தய வண்டியை ஓட்டத் தொடங்கிய நாள் முதல் அவனுக்கு மெக்கானிக்காகவும், ஊர் ஊராக அழைத்துச் செல்பவனாகவும், வரவு செலவு பார்ப்பவனாகவும் உடன் இருந்தவன் என்ற முறையில், பட்டறை வாசலில் நின்று சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன். பிள்ளைகள் இப்போது காணொளிகளில் பார்த்துவிட்டு அதிகம் விசாரிப்பது அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தயத்தைப் பற்றி என்பதால், அதையே கடைசி இலக்காக வைத்துக்கொள்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். துணிச்சல்காரனை எந்த அணியும் தேடிக்கொண்டிருக்கவில்லை. ஒரே பாதையில், ஒரே காரில், இருபது சுற்றுகளை ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஓட்டி முடிக்கக்கூடியவனையும், எந்தச் சுற்றில் எந்தத் திருப்பத்தில் எதனால் நேரம் கூடியது என்று இறங்கியவுடன் சொல்லத் தெரிந்தவனையுமே தேடுகிறார்கள். நம் பக்கத்து எருது விடும் விழாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காளை எவ்வளவு ஆவேசமாகப் பாய்ந்தது என்பதற்கு அங்கே பரிசு கிடையாது, குறித்த தூரத்தை எத்தனை நொடியில் கடந்தது என்பதற்குத்தான் பரிசு. ஆகவே ஹெல்மெட் வாங்குவதற்கு முன்பு ஒரு குயர் நோட்டு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டிய ஒவ்வொரு சுற்றின் நேரமும் அதில் ஏற வேண்டும். இந்தத் தொழிலில் பின்னால் வரும் உரிமம், அணியில் இடம், விளம்பரப் பணம், வெளிநாட்டு அனுமதி ஆகிய எல்லாமே அந்த நோட்டைக் கேட்டுக்கொண்டுதான் வரும்.

ஸ்டாக் கார் என்றால், விற்பனைக்காகக் கடையில் இருப்பு வைத்திருக்கும் கார் என்று பொருள். புளோரிடாவின் டேட்டோனா பீச்சில் 1947 டிசம்பரில் பில் பிரான்ஸ் கூட்டிய கூட்டத்தில் உருவாகி, 1948 பிப்ரவரியில் பதிவு செய்யப்பட்ட நாஸ்கார் அமைப்பு, 1949 ஜூன் 19 அன்று வட கரோலினாவின் சார்லட் நகரில் தன் முதல் ‘ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்’ பந்தயத்தை நடத்தியபோது, கடையிலிருந்து வந்த நிலையிலேயே கார் ஓட வேண்டும் என்பது விதியாக இருந்தது. அன்று முதலாவதாக வந்த கிளென் டனவே ஓட்டிய காரில், கள்ளச்சாராயம் கடத்தும் கார்களில் செய்வதைப் போலப் பின்பக்க ஸ்பிரிங்குகளை மாற்றிப் பலப்படுத்தியிருந்தது பரிசோதனையில் தெரியவந்ததால், அவர் நீக்கப்பட்டு ஜிம் ரோப்பர் வெற்றி பெற்றவராக அறிவிக்கப்பட்டார். பந்தயம் முடிந்தபின் நடக்கும் அந்தப் பரிசோதனை இன்றும் அதே கடுமையோடு நடக்கிறது, சென்னைக்கு அருகே நம் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையிலும்கூட. காரோ முற்றிலும் மாறிவிட்டது. 2022இல் வந்த இன்றைய தலைமுறைக் கார், இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மீது பந்தயத்துக்கென்றே கட்டப்படுவது, 5.86 லிட்டர் வி8 எஞ்சின், அறிமுகமானபோது பெரும்பாலான பாதைகளுக்கு 670 குதிரைத்திறன், ஓட்டுநரும் எரிபொருளும் இல்லாமல் சுமார் 1,450 கிலோ எடை, குளிர்சாதன வசதி கிடையாது. உயர்நிலையான கப் தொடரில் ஓராண்டுக்கு 36 புள்ளிப் பந்தயங்கள் நடக்கின்றன.

இந்தக் கார்கள் பெரும்பாலும் ஓவல் எனப்படும் நீள்வட்டப் பாதைகளில், இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி ஓடுகின்றன. டேட்டோனாவின் சுற்று நான்கு கிலோமீட்டர். அதன் திருப்பங்களில் தரை 31 டிகிரி சாய்ந்திருக்கும். மார்ட்டின்ஸ்வில் பாதையோ ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. இடப்பக்கம் மட்டுமே திரும்புவதில் என்ன வித்தை இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு என் தொழிலிலிருந்தே பதில் சொல்ல முடியும். என் பட்டறைக்கு வரும் காரை, கையை விட்டாலும் நேராக ஓடும்படி சரிசெய்து அனுப்புவது என் வேலை. ஓவல் காரை அமைப்பவர்களோ, வலது முன்சக்கரத்தின் தலையை உட்புறமாகவும் இடது முன்சக்கரத்தின் தலையை வெளிப்புறமாகவும் சாய்த்து, நான்கு சக்கரங்களின் மீதும் எடையை வேண்டுமென்றே ஏற்றத்தாழ்வாகப் பகிர்ந்து, நேர்ச்சாலையில் விட்டால் தானாகவே இடப்பக்கம் இழுக்கும்படி செய்கிறார்கள். பந்தயம் தொடங்கி டயர் தேயத் தேய, எரிபொருள் குறையக் குறைய அந்தச் சமநிலை சுற்றுக்குச் சுற்று மாறும். அந்த மாற்றத்தைப் பின்முதுகிலும் ஸ்டியரிங் பிடித்த கையிலும் உணர்ந்து, இன்னும் முப்பது சுற்றுக்குப் பிறகு டயர் எப்படி இருக்கும் என்று கணித்து ஓட்டுபவரே அங்கே வெற்றி பெறுகிறார்.

நம் நாட்டில் அத்தகைய சரிவு ஓவல் பாதை கிடையாது. எனவே நம் பிள்ளைகளுக்கு இருப்பது சுற்றுவழிதான். அந்த வழியில் ஒருவர் ஏற்கெனவே போயிருக்கிறார். கோயம்புத்தூரில் வளர்ந்து, 2005இல் ஜோர்டன் அணிக்காக ஓட்டி இந்தியாவின் முதல் பார்முலா 1 ஓட்டுநரான நாராயண் கார்த்திகேயன், 2010இல் பிக்கப் டிரக்குகள் ஓடும் நாஸ்காரின் டிரக் தொடரில் மார்ட்டின்ஸ்வில் பாதையில் அறிமுகமாகி, அந்த முதல் பந்தயத்திலேயே பதின்மூன்றாவதாக வந்தார். அந்த ஆண்டு அத்தொடரின் ரசிகர்கள் தங்கள் மனம் கவர்ந்த ஓட்டுநராக வாக்களித்துத் தேர்ந்தெடுத்ததும் அவரைத்தான். செட்டிப்பாளையத்திலும் சோழவரத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் பந்தயத்தை வளர்த்த தமிழ்நாட்டுக்கு அது சிறிய செய்தி அல்ல என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி வழிமுறைக்கு வருகிறேன். நெடுஞ்சாலையில் பயிற்சி எடுக்காதீர்கள். கிருஷ்ணகிரியில் இரண்டு பெரிய நெடுஞ்சாலைகள் சந்திப்பதால், இரவு பதினொரு மணிக்கு மேல் சாலை காலியாகத் தெரியும்போது பிள்ளைகளுக்குக் கை துறுதுறுக்கிறது. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வரும் லாரிக்கு முன்னால் சிக்கிய கார்கள் எந்தக் கோலத்தில் வரும் என்பதைப் பட்டறைக்காரர்களாகிய நாங்கள் பார்த்திருக்கிறோம். பொதுச்சாலையில் பந்தயம் விடுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆவது பிரிவின்படி, முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ பெறக்கூடிய குற்றம். அதைவிட முக்கியமான காரணம், அங்கே ஓட்டுவதால் ஒன்றையும் கற்க முடியாது என்பது. ஒரே திருப்பத்தை ஒரே வேகத்தில் ஐம்பது முறை எடுத்து, ஒவ்வொரு முறையும் நேரம் பார்க்க முடிகிற இடத்தில்தான் இந்தத் தொழிலைப் பழக முடியும்.

அத்தகைய இடம் நமக்கு மிக அருகில் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு தொண்ணூறு கிலோமீட்டர்தான். ஓசூர்ப் பிள்ளைகளுக்கு அது பக்கத்து ஊர். தருமபுரியிலிருந்து போவோருக்கு இன்னும் ஒரு மணி நேரம் கூடும். அங்குள்ள கார்ட் தளங்களில் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் பொருத்திய வாடகைக் கார்ட்டைப் பத்துப் பத்து நிமிடங்களாக எடுத்து ஓட்டலாம். ஏழெட்டு வயதில் தொடங்குவது நல்லது, பதினைந்து வயதில் தொடங்கினாலும் ஓட்டுநராக முடியும். இருபதுக்கு மேல் முதன்முறையாகக் கார்ட்டில் உட்காருபவருக்கு மட்டும், இதைத் தொழிலாகக் கொள்ளும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதை மனம் நோகாமல் சொல்லிவிடுகிறேன்.

என் அக்கா மகனின் முதல் நோட்டு இப்போது என் முன்னால் இருக்கிறது. முதல் நாள் பக்கத்தில் பத்துச் சுற்றுகளின் நேரங்கள்: மிக வேகமானது 48.6 நொடி, மிக மெதுவானது 53.9. வேகமான சுற்றை அடிக்கோடிட்டு, பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருக்கிறான். அன்று பயிற்சி கொடுத்தவர் அந்த நட்சத்திரத்தைப் பார்க்கவே இல்லை, 53.9 என்ற எண்ணின் மேல் விரலை வைத்து, “இங்கே என்ன ஆச்சு?” என்று கேட்டார். அவனுக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த நான்கு மாதங்களில் அவனுடைய வேகமான சுற்று அரை நொடிகூடக் குறையவில்லை, ஆனால் வேகமானதற்கும் மெதுவானதற்கும் இடையிலான தூரம் 5.3 நொடியிலிருந்து ஒரு நொடிக்குள் வந்துவிட்டது. மூன்றாவது திருப்பத்தில் பிரேக்கை முன்கூட்டி விட்டேன், டயர் சூடாகும் முன்பே ஆக்சிலேட்டரை அழுத்தினேன், முன்னால் போனவனைப் பார்த்துக்கொண்டே என் பாதையை விட்டுவிட்டேன் என்றெல்லாம் எண்களுக்குப் பக்கத்தில் எழுத்துகள் தோன்றத் தொடங்கிய பிறகுதான் அவன் கற்கிறான் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

வாடகைக் கார்ட்டில் இந்த நிலை வந்தபின், 125 சிசி ரோட்டாக்ஸ் எஞ்சின் பொருத்திய போட்டிக் கார்ட்டுக்கு மாறலாம். அவற்றில் வயதுவாரியாகப் பிரிவுகள் உண்டு. செலவு அங்கேதான் முதன்முறையாகக் கனக்கத் தொடங்கும். சொந்தமாகக் கார்ட் வாங்க அவசரப்படாமல், ஒரு பருவத்துக்கு அணியொன்றிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டுவதே பெற்றோருக்கு என் அறிவுரை.

வீட்டில் செய்யக்கூடிய பயிற்சியும் உண்டு. நாஸ்காரின் மிகப் புகழ்பெற்ற பந்தயமான டேட்டோனா 500ஐ 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளும் தொடர்ந்து வென்ற வில்லியம் பைரன், உண்மையான பந்தயக் காரில் உட்காரும் முன்பு, வீட்டுக் கணினியில் ஐரேசிங் என்ற சிமுலேட்டரில் ஓட்டிப் பழகியவர். உண்மையான ஓவல் பாதைகளை லேசர் கருவியால் அளந்து அமைத்திருக்கும் அந்தச் சிமுலேட்டர், ஓவல் இல்லாத நாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கும் பெரிய உதவி. ஓரளவு நல்ல கணினி, எதிர்விசை தரும் ஸ்டியரிங், பிரேக் அழுத்தத்தை அளக்கும் பெடல் ஆகியவை தேவை. பணம் போதவில்லையென்றால் ஸ்டியரிங்கில் குறைத்துக்கொண்டு பெடலில் செலவிடுங்கள். நேரம் மிச்சமாவது பெரும்பாலும் பிரேக் காலில்தான். அங்கே ஓட்டும் சுற்றுகளையும் நோட்டில் தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.

உடலைப் பற்றிப் பலர் நினைப்பதில்லை. உட்கார்ந்து ஓட்டுவதற்கு உடற்பயிற்சி எதற்கு என்று என் அக்காளே கேட்டிருக்கிறாள். ஸ்டாக் காரின் உள்ளே வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மூன்று நான்கு மணி நேரம் நீடிக்கும் பந்தயத்தில் ஓட்டுநரின் உடலிலிருந்து கிலோக்கணக்கில் நீர் வியர்வையாக வெளியேறும். இதயத் துடிப்பு ஓட்டப்பந்தய வீரனுடையதைப் போல உயர்ந்தே இருக்கும். சித்திரை வெயிலில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு வெப்பம் புதிதல்ல என்றாலும், வெப்பத்தில் கவனம் சிதறாமல் இருப்பது தனியாகப் பழக வேண்டிய ஒன்று. என் அக்கா மகன் வாரத்தில் நான்கு நாள் அதிகாலையில் கிருஷ்ணகிரிக் கோட்டை மலையில் ஏறி இறங்கிவிட்டு, மூச்சு இரைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கக் கணக்குப் போடுவான். மூச்சு வாங்கும்போதும் மூளை தெளிவாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு அது போதும். கழுத்துத் தசைக்குத் தனிப் பயிற்சி வேண்டும், அதை உடற்பயிற்சி ஆசிரியரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புக் கருவிகளில் சிக்கனம் பார்க்காதீர்கள். 2001 பிப்ரவரி 18 அன்று டேட்டோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில், ஏழு முறை சாம்பியனான டேல் எர்ன்ஹார்ட் சுவரில் மோதி இறந்தார். பார்ப்பதற்கு மிகச் சாதாரணமான மோதல் அது. தலை முன்னோக்கி வீசப்பட்டதில் மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்தது. அதே ஆண்டு அக்டோபரில், தலையையும் கழுத்தையும் தோளோடு பிணைத்துக் காக்கும் கருவி நாஸ்காரில் கட்டாயமாக்கப்பட்டது. ஹான்ஸ் என்று எல்லாரும் அழைக்கும் அந்தக் கருவி, பன்னாட்டு மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்ஐஏ ஒப்புதல் பெற்ற ஹெல்மெட், தீப்பிடிக்காத உடை, கையுறை, காலணி ஆகியவற்றோடுதான் நீங்கள் காரில் ஏற வேண்டும். பைக்குக்கு வாங்கிய ஐஎஸ்ஐ ஹெல்மெட் கார் பந்தயத்தில் செல்லாது. பழைய ஹெல்மெட் விலை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள், அது ஒருமுறை அடிபட்டதா என்பது வெளியே தெரியாது.

உரிமத்தை எஃப்எம்எஸ்சிஐ என்ற இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு வழங்குகிறது. மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் அங்கீகாரம் பெற்ற தேசிய அமைப்பு அது. மருத்துவத் தகுதிச் சான்று, இரத்தப் பிரிவு, வயதுச் சான்று, பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் ஆகியவற்றோடு விண்ணப்பிக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும் என்பதையும், உரிமம் இல்லாமல் அங்கீகாரம் பெற்ற எந்தப் போட்டியிலும் இறங்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். சாலையில் கார் ஓட்டும் உரிமத்துக்குப் பதினெட்டு வயது ஆக வேண்டும், மூடிய பாதையில் ஓட்டுவதற்கான பந்தய உரிமத்தை அதற்கு முன்பே பெறலாம்.

கார்ட்டுக்குப் பிறகு கார். நம் மாநிலத்திலேயே பந்தயப் பாதைகள் இருப்பது நம் பேறு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் திறந்த பாதையின் சுற்று 3.717 கிலோமீட்டர், கிருஷ்ணகிரியில் ஏறும் அதே 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையே வாணியம்பாடி, வேலூர் வழியாக அதன் அருகில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் இருக்கும் காரி மோட்டார் ஸ்பீட்வே சுமார் 2.1 கிலோமீட்டர், குறைந்த செலவில் பந்தயக் கார்களைத் தானே வடிவமைத்து ஏராளமான இளைஞர்களை ஓட வைத்த எஸ். கரிவரதனின் பெயரைத் தாங்கியது. முதல் முறை போகும்போது ஓட்டுவதற்காகப் போகாதீர்கள். போட்டி நடக்கும் சனி, ஞாயிறுகளில் பார்வையாளராகச் சென்று, நேர்ப்பாதையின் முடிவில் பிரேக் பிடிக்கும் இடம் தெரியும்படி நின்றுகொண்டு, முதல் மூன்று இடங்களில் வருபவர்கள் எங்கே பிரேக் பிடிக்கிறார்கள், கடைசி மூவர் எங்கே பிடிக்கிறார்கள் என்று ஒவ்வொரு சுற்றும் குறித்துக்கொள்ளுங்கள். கொடி காட்டும் மார்ஷல் பணிக்குத் தன்னார்வலராகப் பெயர் கொடுத்தால் இன்னும் நல்லது. பாதையோரத்திலேயே நாள் முழுவதும் நிற்கலாம், கொடிகளின் பொருளும் பந்தய இயக்குநரின் எண்ண ஓட்டமும் கைவரும். என் அக்கா மகன் ஓட்டுநராக இறங்கும் முன்பு மூன்று வார இறுதிகள் மஞ்சள் கொடி பிடித்து நின்றவன்.

இங்கே இரண்டு கிளைகள் பிரிகின்றன. எல்ஜிபி நிறுவனத்தின் பெயரில் நடக்கும் பிரிவுகள், எஃப்4 ஆகிய கூரையில்லாத பார்முலா கார்கள் ஒரு பக்கம். கடையில் விற்கும் கார்களைப் பந்தயத்துக்கு ஏற்ப மாற்றி ஓட்டும் டூரிங் கார்கள் மறுபக்கம். காட்சிக்கு அழகு பார்முலாவில்தான். ஆனால் ஸ்டாக் கார் ஓட்ட விரும்புபவர் டூரிங் கார் பிரிவில் குறைந்தது இரண்டு பருவங்களாவது ஓட்ட வேண்டும் என்பது என் கருத்து. கனமான கார், கூரைக்குள் புழுக்கம், பக்கத்துக் காரோடு கதவும் கதவும் உரசும் நெருக்கம், முன்னால் போகும் காரின் காற்று நிழலில் ஒட்டிச் சென்று வேகம் பெறுவது ஆகிய நான்கையும் நம் நாட்டில் அங்கேதான் பழகலாம்.

காரைப் பற்றிப் பேசும் திறமையும் அங்கேதான் வளர்கிறது. ஒரு பயிற்சி ஓட்டத்துக்குப் பிறகு கார், பிட் எனப்படும் பாதையோரப் பழுதுபார்க்கும் இடத்துக்குள் வந்து நின்றதும் நாங்கள் செய்யும் முதல் வேலை, ஊசி போன்ற வெப்பமானியை ஒவ்வொரு டயரிலும் வெளி ஓரம், நடு, உள் ஓரம் என்று மூன்று இடங்களில் ரப்பருக்குள் செருகி எண்களை எழுதிக்கொள்வது. நடுப்பகுதி மட்டும் மிகச் சூடாக இருந்தால் காற்று அதிகம். இரு ஓரங்களும் சூடாக இருந்து நடு ஆறியிருந்தால் காற்றுக் குறைவு. உள் ஓரம் மட்டும் கொதித்தால் சக்கரம் உட்புறம் அதிகமாகச் சாய்ந்திருக்கிறது. வெப்பமானி சொல்வதும் ஓட்டுநர் சொல்வதும் பொருந்த வேண்டும். ஒருநாள் இருங்காட்டுக்கோட்டையில் என் அக்கா மகன் இறங்கி, “பின்னால வழுக்குது மாமா” என்றான். எண்களைப் பார்த்தால் கொதித்திருந்தவை முன் டயர்கள். திருப்பத்தின் தொடக்கத்தில் முன்பக்கம் திரும்ப மறுத்ததால் ஸ்டியரிங்கை இன்னும் ஒடித்திருக்கிறான், முன் டயர்கள் பிடி கிடைத்த நொடியில் பின்பக்கம் வெளியே வீசியிருக்கிறது. அவன் உணர்ந்தது இரண்டாவது விளைவை மட்டும். அவன் பேச்சை மட்டும் நம்பிப் பின்பக்கத்தைச் சரிசெய்திருந்தால் கார் இன்னும் கெட்டிருக்கும். அமெரிக்க அணிகளில் முன்பக்கம் திரும்ப மறுப்பதை டைட் என்றும், பின்பக்கம் வீசுவதை லூஸ் என்றும் சொல்கிறார்கள். திருப்பத்தில் நுழையும்போது, நடுவில், வெளியேறும்போது என்று மூன்றாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் எது நடந்தது என்று சொல்லும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே பிள்ளைக்கு ஏற்படுத்துங்கள்.

இப்போது பணம். ஒரு பருவம் கார் பந்தயம் ஓட்டுவதற்கு, வாடகைக் காராக இருந்தாலும், நடுத்தரக் குடும்பத்தின் ஆண்டு வருமானமே போய்விடும். நிலத்தை விற்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தச் செலவு ஒரு பருவத்தோடு முடிவதில்லை. விளம்பரதாரரைத் தேடும்போது பெரிய டயர் நிறுவனத்திலிருந்து தொடங்காமல் நம் ஊரிலிருந்து தொடங்குங்கள்: மாங்கூழ் ஏற்றுமதி செய்பவர்கள், கிரானைட் ஆலைகள், ஓசூரின் உதிரிபாகத் தொழிற்கூடங்கள், கார் விற்பனையகங்கள். எங்களுக்கு முதன்முதலில் உதவியவர் பணமே கொடுக்கவில்லை. ஒரு டயர் வியாபாரி, தன் சின்ன டெம்போவையும் டீசலையும் ஒரு பருவம் முழுவதும் கார்ட்டை ஏற்றிச் செல்லக் கொடுத்தார், நாங்கள் கார்ட்டின் மூக்கில் அவர் கடைப் பெயரை ஒட்டினோம். கடிதம் ஒரே பக்கமாக இருக்கட்டும். எந்தப் போட்டி, எத்தனை சுற்று, கடந்த ஆண்டு எந்த இடம், சுற்று நேரம் எவ்வளவு மேம்பட்டிருக்கிறது என்ற எண்கள் நோட்டிலிருந்து அதில் இறங்க வேண்டும். பணம் எதற்கு, எவ்வளவு, எந்த மாதத்தில் தேவை என்பதையும், பதிலுக்கு அவர் கடை வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்துவீர்களா, அவர் சொல்லும் பள்ளியில் சாலைப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவீர்களா என்பதையும் தெளிவாக எழுதுங்கள். மாங்கூழ்த் தொழிலில் இருப்பவர்களிடம் அறுவடைக் காலத்தில் போகாதீர்கள். ஆடி முடிந்து, கணக்குப் பார்த்து ஓய்ந்திருக்கும்போது போனால் உட்கார வைத்துப் பேசுவார்கள்.

வாடகைக் கார் ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு: காருக்கு ஏற்படும் சேதம் ஓட்டுநர் பொறுப்பு. அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவன் நான். ஏற்கெனவே சத்தம் போட்டுக்கொண்டிருந்த கியர்பாக்ஸ் எங்கள் இரண்டாவது பந்தயத்தில் உடைந்தபோது, அந்த அணி முழுத் தொகையையும் எங்களிடமே கேட்டது. மறுக்க எங்களிடம் எழுத்தில் ஒன்றும் இல்லை. அந்த ஆண்டின் மீதிப் பந்தயங்கள் அதிலேயே போயின. ஆகவே மோதலால் வரும் சேதத்துக்கு உச்சவரம்பு என்ன, தேய்மானத்தால் உடையும் பாகம் யார் கணக்கில் சேரும் என்பதை எழுதி வாங்குங்கள். ஓட்டுவதற்கு முன்பு கியரைப் போட்டு, எஞ்சினைக் கேட்டு, நான்கு பக்கமும் படம் எடுத்து, அணிப் பொறுப்பாளருக்கு அன்றே அனுப்பிவிடுங்கள்.

தேசியப் போட்டிகளில் மேடை ஏறும் அளவுக்கு வந்தபின்பே வெளிநாட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஐரோப்பாவில் நாஸ்காரின் அங்கீகாரத்தோடு நடக்கும் தொடரில், வி8 ஸ்டாக் கார்களைப் பெரும்பாலும் வலமும் இடமும் திரும்பும் பாதைகளில் ஓட்டுகிறார்கள். ஒரே காரை இரண்டு பிரிவுகளில் இரண்டு ஓட்டுநர்கள் பகிர்ந்துகொள்ளும் முறை இருப்பதால் செலவும் பிரிகிறது. நம் பாதைகளில் பழகியவருக்கு இது இயல்பான அடுத்த படி. மற்றொன்று நேராக அமெரிக்கா. அங்கே வார இறுதிகளில் ஊர்ப்புறச் சிறு ஓவல்களில் நடக்கும், லேட் மாடல் என்ற உள்ளூர் ஸ்டாக் கார் வகையின் பந்தயங்களே உண்மையான பள்ளிக்கூடம். பெரும்பாலான கப் அணிகளின் பட்டறைகள் சார்லட் நகரைச் சுற்றி மூர்ஸ்வில், கான்கார்ட் போன்ற ஊர்களில் இருக்கின்றன. ஓட்டுநராக முடியாத காலத்தில் டயர் உருட்டவாவது அந்தப் பகுதியில் இருப்பவர்களுக்கே வாய்ப்பு எட்டும்.

நாஸ்காரின் தேசியத் தொடர்களில் ஓட்டுவதற்கு வயது மட்டும் போதாது. டிரக் தொடரில் சிறிய பாதைகளுக்கு 16 வயதும், கப் தொடருக்கு 18 வயதும் ஆகியிருக்க வேண்டும் என்பது ஒருபுறம் இருக்க, இதுவரை எந்தெந்தப் பாதையில் எந்தெந்தக் காரை ஓட்டி என்ன முடிவு பெற்றார் என்ற பதிவைப் பார்த்துச் சிறிய ஓவல், நடுத்தர ஓவல், டேட்டோனா போன்ற பெரும்பாதை என்று படிப்படியாகத்தான் அனுமதி தருகிறார்கள். விளையாட்டு வீரர்களுக்கான பி-1 (P-1) விசாவுக்கும் சாதனைப் பதிவுகளையே கேட்பார்கள். ஆகவே ஓட்டிய ஒவ்வொரு போட்டியின் அதிகாரப்பூர்வ முடிவுத் தாளையும் அன்றே வாங்கி ஒரு கோப்பில் வையுங்கள். ஐந்து ஆண்டுக்குப் பிறகு தேடினால் கிடைக்காது.

மொழியும் ஒரு தடைதான், ஆனால் தாண்டக்கூடிய தடை. ஓவலில் ஓட்டுநரின் கண்ணுக்குப் படாத பக்கத்தை, உயரத்தில் நிற்கும் ஸ்பாட்டர் என்பவர் வானொலியில் சொல்லிக்கொண்டே இருப்பார். இன்சைட் என்றால் உட்புறம் ஒரு கார் ஒட்டிக்கொண்டு வருகிறது, க்ளியர் என்றால் இடம் காலி. அரை நொடி தாமதமாகப் புரிந்துகொண்டாலும் மோதல்தான். மெக்சிகோவின் மாண்டெரே நகரிலிருந்து ஆங்கிலம் சரளமாக வராத நிலையில் அமெரிக்கா சென்ற டேனியல் சுவாரஸ், நாஸ்கார் 2004இல் தொடங்கிய பன்முகத்தன்மைப் பயிற்சித் திட்டத்தின் வழியாக முன்னேறி, 2016இல் கப் தொடருக்கு அடுத்த நிலையிலிருந்த எக்ஸ்ஃபினிட்டி தொடரின் சாம்பியனாகி, வெளிநாட்டில் பிறந்து நாஸ்காரின் தேசியத் தொடரொன்றை வென்ற முதல் ஓட்டுநரானார். 2022 ஜூனில் சோனோமா பாதையில் கப் பந்தயமும் வென்றார். பெண் பிள்ளைகளின் பெற்றோர், 2013 டேட்டோனா 500 பந்தயத்தில் டேனிகா பேட்ரிக் தகுதிச்சுற்றில் முதலிடம் பிடித்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். பெண்களுக்கென்று அங்கே தனிப் பிரிவு கிடையாது, அதே கார்தான், அதே சுவர்தான்.

கப் தொடரில் ஒவ்வொரு வாரமும் இடம் உறுதியான கார்கள் 36 மட்டுமே. உலகம் முழுவதிலுமிருந்து வருகிறவர்கள் அந்த 36 இருக்கைகளுக்காகத்தான் போட்டியிடுகிறார்கள் என்பதால், படிப்பை இடையில் நிறுத்தும் யோசனைக்கு நான் ஒருபோதும் உடன்பட்டதில்லை. பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியிலோ வேறெங்கோ இயந்திரவியல் படித்துக்கொண்டே பந்தயத்தில் இருக்கலாம். மாணவர்கள் தாங்களே கார் கட்டிப் போட்டியிடும் பார்முலா பாரத் போட்டி காரி பாதையில்தான் நடக்கிறது. தரவுப் பொறியாளர், டயர் வல்லுநர், ஸ்பாட்டர், பந்தய மெக்கானிக் ஆகியோருக்கு இருக்கைகள் 36 என்ற வரம்பு இல்லை.

என் அக்கா மகனுக்கு இப்போது வயது இருபது. டூரிங் கார் பிரிவில் இது அவனுக்கு இரண்டாவது பருவம், எட்டாவது நோட்டு. சென்ற பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தான். பதினான்கு சுற்றுகளில் வேகமானதற்கும் மெதுவானதற்கும் இடைவெளி 0.8 நொடி. ஊர் திரும்பும் வழியில் வேலூர் தாண்டி ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தியபோது, அந்த 0.8 எந்தச் சுற்றில் வந்தது என்று கேட்டேன். நோட்டைத் திறக்காமலே, பதினோராவது சுற்று, ஏழாவது திருப்பம், பின்னால் வந்தவனைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன் மாமா என்றான்.